ஒரே இடத்தில் கட், 48 ஸ்ப்ளைசுக்கு பில்: ஃபைபர் ரிப்பேருக்கு ரேட் எப்படித்தான் போடுகிறார்கள்?

#1 கோபி_கேபிள்

வணக்கம் நண்பர்களே. கோபி பக்கம் கேபிள் டிவியும் நெட்டும் சேர்த்து நடத்துகிறேன். போன வாரம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி எங்கள் 24 ஃபைபர் கேபிளை இழுத்துப் போட்டுவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு கிராமம் இருட்டு. ஐபிஎல் மேட்ச் நாள் வேறு, போனை எடுக்கவே பயமாக இருந்தது. வழக்கமாக வரும் கான்ட்ராக்டர் ஊரில் இல்லை, புதிதாக ஒருவரைக் கூப்பிட்டேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு லைன் வந்துவிட்டது, வேலையில் குறை இல்லை. மறுநாள் பில் வந்தது:

ஸ்ப்ளைசிங் (அறுந்த ஃபைபரை உருக்கி ஒட்டுவது) 48 x 120 = 5,760
ஜாயின்ட் பாக்ஸ் (ஒட்டிய இடத்தை வைத்து மூடும் பெட்டி) 2 x 1,400 = 2,800
24 ஃபைபர் கேபிள் 40 மீட்டர் x 36 = 1,440
ஓடிடிஆர் (வெளிச்சம் அனுப்பி எங்கே உடைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்து ஃபால்ட் பார்த்தது 1,500
வண்டி, இரவு வேலை 2,500
ஆக 14,000, ஜிஎஸ்டி 2,520, மொத்தம் 16,520.

என் கேள்வி இதுதான். கட் ஆனது ஒரு இடம், இருப்பது 24 ஃபைபர். எப்படி 48 வந்தது? ஓடிடிஆருக்குத் தனியாக 1,500 போடுவது வழக்கமா? அவரிடமே கேட்டிருக்கலாம், ஆனால் நடு ராத்திரி வந்து உதவிய மனுஷனிடம் பேரம் பேசியது போல ஆகிவிடும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறைக்காகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#2 ஆர்க்_திண்டுக்கல்

தம்பி, நான் இதே தொழில்தான், அதனால் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

48 சரியான கணக்குதான். ஜேசிபி கத்திரிக்கோல் மாதிரி வெட்டாது. பக்கெட் பல்லில் கேபிளை மாட்டி இழுக்கும், டிரைவருக்குக் கை நிற்கும் வரை இழுக்கும். வெளியே கருப்பு உறை ஒரு இடத்தில் கிழிந்திருக்கும், உள்ளே கண்ணாடி அதற்கு இருபது முப்பது மீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் உடைந்திருக்கும். உறையைப் பார்த்து நல்ல கேபிள் என்று நினைத்து அங்கேயே ஜாயின்ட் போட்டால், எல்லாம் மூடி மண் தள்ளிய பிறகு ஆறாவது ஃபைபரில் வெளிச்சம் வராது. அதனால் நல்ல இடம் வரும் வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போய், நடுவில் புதுத் துண்டு கேபிள் கொடுக்க வேண்டும். துண்டுக்கு இரண்டு முனை, முனைக்கு 24, ஆக 48. பாக்ஸும் இரண்டு. அவர் 40 மீட்டர் போட்டிருக்கிறார் என்றால் உடைந்த பகுதியைத் தேடித்தான் வெட்டியிருக்கிறார்.

120 ரேட்டும் எங்கள் பக்கத்து ரேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. நான் பகலில் 100, இரவில் 130 போடுவேன்.

#3 நாலு_டியூப்

அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரவு வேலை என்று 2,500 தனியாக வாங்கியாயிற்று. அப்புறம் ஸ்ப்ளைஸ் ரேட்டிலும் இரவு ரேட் போட்டால் ஒரே இருட்டுக்கு இரண்டு தடவை காசு. 24 ஃபைபர் ஜாயின்ட் பாக்ஸ் கடையில் நான் எழுநூற்று ஐம்பதுக்கு வாங்குகிறேன், இங்கே 1,400. பவானியில் ஒரு பையன் 60 ரூபாய்க்கு ஸ்ப்ளைஸ் அடித்துத் தருகிறான். ஆபரேட்டர்கள் அவசரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தே போடும் விலை இது.

#4 ஆர்க்_திண்டுக்கல்

60 ரூபாய்ப் பையன் ராத்திரி ஏழு மணிக்குப் போன் எடுப்பானா, அதைச் சொல்லுங்கள் முதலில் :)

கோபப்படவில்லை, கணக்கையே போடுகிறேன். ஜப்பான் ஸ்ப்ளைஸ் மெஷினும் ஒரு நல்ல ஓடிடிஆரும் சேர்ந்து எனக்கு ஏழு லட்சம் ஆனது. நான்கு வருஷத்தில் எடுக்க வேண்டும் என்று வைத்தால் மாதம் பதினான்கரை ஆயிரம். மாதம் இருபது கால் (வேலைக்கு அழைப்பு) வந்தால் ஒரு காலுக்கு எழுநூறு சொச்சம், மெஷினை வண்டியில் ஏற்றியதற்கு மட்டும். மழைக்காலத்தில் நாற்பது கால் வரும், மாசி பங்குனியில் எட்டு வரும், ஆனால் டெக்னீஷியன் சம்பளம் இரண்டு மாதத்துக்கும் ஒன்றுதான். மெஷினில் எலக்ட்ரோடு சில ஆயிரம் ஆர்க்குக்கு (ஃபைபரை உருக்கும் மின்பொறி) ஒரு முறை மாற்ற வேண்டும். கிளீவர் (ஃபைபர் முனையை நேராக வெட்டும் கருவி) பிளேடு இருக்கிறதே, ஃபுஜிகுரா சிடி-30 என்றால் 16 நிலை, நிலைக்கு ஆயிரம் வெட்டு, உயரத்தை மாற்றி மூன்று சுற்று, மொத்தம் 48,000 வெட்டு என்று கம்பெனி சொல்கிறது. அது ஏசி அறையில் வரும் கணக்கு. மண்ணும் ஜெல்லியும் (கேபிளுக்குள் இருக்கும் பசை) ஒட்டிய கையோடு குழிக்குள் உட்கார்ந்து வெட்டினால் அதில் பாதி வந்தால் பெரிய விஷயம்.

ஸ்ப்ளைஸ் அடிப்பது மெஷினுக்குப் பத்து விநாடி வேலை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் இதற்கா 120 என்கிறார்கள். கேபிளை உரித்து, ஃபைபர்கள் இருக்கும் டியூபை வெட்டி, ஜெல்லியைத் துடைத்து, நிறம் பார்த்துப் பிரித்து, ஸ்லீவ் (ஒட்டிய இடத்தைக் காக்கும் உறை) கோத்து, 250 மைக்ரான் கோட்டிங்கை எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெட்டி, அப்புறம்தான் மெஷினில் வைக்கிறோம். ஸ்லீவ் சூடாகி ஆறிய பிறகு பாக்ஸுக்குள் இருக்கும் ட்ரேயில் மடிக்காமல் சுற்றி வைக்க வேண்டும். இதெல்லாம் சேர்த்தால் ஒரு ஃபைபருக்கு மூன்று நிமிஷம். காற்று அடித்தால், தூறல் விழுந்தால், தெருவிளக்குப் பூச்சி மெஷின் மூடிக்குள் போனால் ஐந்து நிமிஷம்.

பாக்ஸ் விஷயத்தில் நாலு டியூப் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 1,400 அதிகம். ஆனால் நிறைய பேர் பாக்ஸில் வைத்துத்தான் உழைப்புக் கூலியை எடுக்கிறார்கள். கேபிளை உரிப்பதற்கும் பாக்ஸை மூடுவதற்கும் தனியாக ஒரு வரி போட்டால் "இது எதற்கு" என்று கஸ்டமர் கேட்பார், பாக்ஸ் விலைக்குள் போனால் கேட்க மாட்டார். இதுதான் உண்மை.

#5 கோபி_கேபிள்

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே. இப்போது இன்னொன்று உறுத்துகிறது. 24 ஃபைபரில் நான் பயன்படுத்துவது எட்டுதான். மீதி பதினாறு சும்மா கிடக்கிறது. அதையும் அந்த ராத்திரியிலேயே அடிக்க வேண்டுமா?

#6 பழைய_டெலிகாம்

ஓய்வு பெற்றவன், சர்வீஸ் முழுக்கக் கேபிள் பிரிவில்தான் இருந்தேன்.

அந்த ராத்திரியில் வேண்டாம் தம்பி. எந்தக் கண்ட்ரோல் ரூமிலும் முதல் கேள்வி "ட்ராஃபிக் உள்ள ஃபைபர் எது" என்பதுதான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று வரிசைப்படி அடிக்கக் கூடாது, ஓடுகிற ஃபைபரை முதலில் அடித்து லைனைக் கொண்டுவர வேண்டும். மீதியை விடிந்ததும் பகல் ரேட்டில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு உன்னிடம் எந்த டியூபில் எந்த நிறத்தில் என்ன ஓடுகிறது என்று ஒரு தாள் இருக்க வேண்டும். பல ஆபரேட்டர்களிடம் இல்லை. வந்தவனும் எல்லாவற்றையும் அடித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று அடித்துவிடுகிறான், அவனைக் குறை சொல்ல முடியாது.

காசுக் கணக்கில் பார்த்தால் நீ நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது. எட்டை மட்டும் அடித்திருந்தால் இரண்டு முனைக்கும் சேர்த்து 16 x 120 = 1,920. மற்றதெல்லாம் அப்படியே 8,240. ஆக 10,160. ஃபைபர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் பில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் குறைகிறது. மறுநாள் மீதிக்காகத் திரும்ப வரச் சொன்னால் வண்டிச் செலவு இன்னொரு தடவை, மிச்சமானதும் போய்விடும்.

பெரிய மிச்சம் லூப்பில்தான். கேபிள் போடும்போதே சேம்பர்தோறும் (தரையில் கேபிளுக்காகக் கட்டிய தொட்டி), கம்பத்தில் என்றால் சில கம்பத்துக்கு ஒன்று, இருபது மீட்டர் சுற்றி வைத்திருந்தால் கட் ஆன பிறகு ஒரு பக்கத்து லூப்பை அவிழ்த்து இழுத்து ஒரே ஜாயின்டில் முடித்துவிடலாம். உன் பில்லையே எடுத்துக்கொள்: 24 x 120 = 2,880, பாக்ஸ் ஒன்று 1,400, ஓடிடிஆர் 1,500, வண்டி 2,500. மொத்தம் 8,280. வித்தியாசம் 5,720 ரூபாய், ஒரே ஒரு கட்டுக்கு. கேபிள் போடுகிற அன்று மீட்டர் 36 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று லூப் விடாமல் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறவர்கள் அப்புறம் இப்படித்தான் பணம் கட்டுகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும், பைப்புக்குள் மண் அடைத்திருந்தால் லூப் இருந்தும் இழுபடாது, அப்போது துண்டுதான்.

#7 சப்புக்கு_சப்

நீங்கள் 120, 130 என்று பேசுவதைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. நான் பெரிய கம்பெனி ரூட்டில் எஃப்ஆர்டி (கட் ஆனால் சரிசெய்யும்) டீம் ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

அங்கே ரேட் போடும் விதமே வேறு. கட் ஆனால் இவ்வளவு என்று கிடையாது. கிலோமீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்). அதற்குள் வண்டி, இரண்டு டெக்னீஷியன், ஹெல்பர், ரூட்டில் நடந்து பார்க்கும் ஆள், மெஷின், ஓடிடிஆர் எல்லாம் அடக்கம். பாக்ஸும் கேபிளும் மட்டும் கம்பெனி தரும், அதையும் பயன்படுத்தியதற்கு போட்டோவோடு கணக்குக் காட்ட வேண்டும். கட் ஆனால் நான்கு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று பிடித்தம். அந்த நேரம் எப்போது தொடங்குகிறது தெரியுமா? அவர்கள் கண்ட்ரோல் ரூமில் அலாரம் வந்த நிமிஷத்திலிருந்து. எனக்குப் போன் வருவதே இருபது நிமிஷம் கழித்து. ரோடு போடுகிறவன் குழிக்குப் பக்கத்தில் விடவில்லை என்றாலும், போலீஸ் காலையில் வா என்றாலும், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். விலக்குக் கேட்டு எழுதலாம், பாதி தள்ளுபடியாகும்.

இதில் டெண்டர் எடுத்தவர் ஒருவர், அவரிடம் மாவட்டம் எடுத்தவர் ஒருவர், அவரிடம் நான். எல்1 விலையில் (டெண்டரில் மிகக் குறைந்த விலை) மேலே ஒருவர் எடுத்து, தன் பங்கை வைத்துக்கொண்டு கீழே தள்ள, என் கைக்கு வரும்போது புதிய ஜாயின்ட் வேலைக்கு ஸ்ப்ளைஸ் 40 ரூபாய். பணம் மூன்று மாதம் கழித்து, அதிலும் ஐந்து சதவீதம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 40 ரூபாய்க்கு என் பையன் எத்தனை தடவை துடைப்பான் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

#8 நாலு_டியூப்

அப்படியானால் 40க்கும் முடியும் என்றுதானே அர்த்தம்?

#9 சப்புக்கு_சப்

முடியும், ஒரே நாளில் ஒரே குழியில் 96 ஃபைபர், பகல் வெளிச்சம், கேபிளை ஏற்கனவே இழுத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்றால். வண்டி ஒரு தடவை, உரிப்பு ஒரு தடவை, மிச்சமெல்லாம் மெஷின் ஓட்டுவதுதான். அதே ரேட்டுக்கு அணில் கடித்த நான்கு ஃபைபர் ட்ராப்புக்கு (வீட்டுக்குப் போகும் கடைசிக் கேபிள்) பதினைந்து கிலோமீட்டர் வரச் சொன்னால் 160 ரூபாய் வருகிறது, பெட்ரோலுக்கே சரி. ஸ்ப்ளைசுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு ரேட்டை ஒப்பிடுகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை.

#10 ஆர்க்_திண்டுக்கல்

அதனால்தான் நான் இரண்டாகப் பிரித்துவிட்டேன். கிளம்பினால் 2,500, அதில் வண்டி, ஃபால்ட் தேடல், உரிப்பு, மூடுவது எல்லாம் அடக்கம், முப்பது கிலோமீட்டர் வரை. அதன் மேல் ஃபைபருக்கு இவ்வளவு. 12 வரை ஒரு ரேட், 48 வரை ஒரு ரேட், அதற்கு மேல் இன்னொரு ரேட், போகப் போகக் குறையும். சாமானைக் கஸ்டமரே வாங்கித் தரலாம், நான் வாங்கினால் பத்து சதவீதம் மேலே வைப்பேன், அதையும் பில்லில் எழுதிவிடுவேன். முதலில் இப்படிச் சொன்னபோது மூன்று ஆபரேட்டர்கள் போய்விட்டார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

#11 கணக்கு_அக்கா

நான் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். யாரும் தொடாத ஒரு பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

கோபி தம்பி, உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து நெட் கட்டணத்துக்கு 18% வசூலித்துக் கட்டுகிறீர்கள் என்றால் அந்த 2,520 உங்களுக்குச் செலவே கிடையாது, உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, அவர் ரிட்டர்ன் போட்டு உங்கள் 2பி-யில் (ஜிஎஸ்டி தளத்தில் வரும் உள்ளீட்டு வரிப் பட்டியல்) வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைபர் கேபிளுக்கான டக்ட், மேன்ஹோல் இவற்றுக்கு வரி கழிக்க முடியாது என்று சில இடங்களில் அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். தடை இல்லை என்று 2024 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியமே சுற்றறிக்கை விட்டுவிட்டது.

ஆகவே ஜிஎஸ்டி இல்லாத ஆளிடம் 13,500க்கும் இவரிடம் 14,000 கூட்டல் வரிக்கும் ஒப்பிட்டால் 16,520ஐ வைத்து ஒப்பிடாதீர்கள், 14,000ஐ வைத்து ஒப்பிடுங்கள்.

சப்புக்கு_சப் தம்பிக்கு: உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வட்டி கேட்டு யாரும் வாங்கியதை நான் பார்த்ததில்லை, அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். ஆனால் 2023 நிதிச் சட்டத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, சிறு குறு நிறுவனங்களுக்குக் காலத்தில் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் வரை, கொடுக்க வேண்டிய கம்பெனி அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் மாதம் வந்தால் பெரிய கம்பெனி அக்கவுன்ட்ஸ் ஆட்கள் தாங்களே போன் செய்து உத்யம் சான்றிதழ் கேட்கிறார்கள். உங்கள் பில்லின் தலைப்பிலேயே அந்த எண்ணை அச்சடித்துவிடுங்கள்.

#12 சப்புக்கு_சப்

அக்கா, இருக்கிறது. ஆனால் மேலே இருக்கிறவர் "எனக்கு வந்தால் உனக்கு" என்று வாய்வழி ஒப்பந்தம்தான். இருந்தாலும் மார்ச் யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

#13 நாலு_டியூப்

சரி, விலையை விடுங்கள். வேலை நன்றாக முடிந்ததா என்று ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்தவர் மெஷின் திரையில் இழப்பு 0.00, 0.01 என்று காட்டினார். அழகாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கிராமத்தில் மட்டும் பவர் மைனஸ் 29, வெளிச்சம் போதவில்லை. ஓஎன்யு-வில் (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) சிவப்பு விளக்கு.

#14 பழைய_டெலிகாம்

மெஷின் காட்டுவது மதிப்பீடு. இரண்டு ஃபைபரின் படத்தைப் பார்த்து இவ்வளவு இழப்பு இருக்கலாம் என்று அது ஊகிக்கிறது, வெளிச்சத்தை அனுப்பி அளக்கவில்லை. அளப்பது ஓடிடிஆரும் பவர் மீட்டரும்தான்.

உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் ட்ரேக்குள் ஃபைபர் மடிந்த கதை. ஸ்ப்ளைஸ் நன்றாகவே இருக்கும், மூடியை அழுத்தும்போது ஒரு சுற்று நசுங்கியிருக்கும். கண்டுபிடிக்க வழி, ஒரே ஃபைபரை 1310 நானோமீட்டரிலும் 1550லும் பார்ப்பது. அந்த இடத்தில் 1310ல் சின்னதாகவும் 1550ல் பெரிதாகவும் இறங்கினால் மடிப்பு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால் ஸ்ப்ளைஸ் கெட்டது. ஜிபானில் (வீடுகளுக்கு ஃபைபரில் நெட் தரும் முறை) வீட்டை நோக்கி வரும் வெளிச்சம் 1550க்குப் பக்கத்தில் 1490ல் வருவதால், மடிப்பு இருந்தால் வீட்டில் பவர் குறைந்து தெரியும்.

பழைய கேபிளோடு புதுத் துண்டு கேபிள் சேர்த்தால் ஓடிடிஆரில் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது இழப்புக்குப் பதில் லாபம் மாதிரிக் கோடு மேலே ஏறும். வெளிச்சம் கூடவில்லை, இரண்டு ஃபைபரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவு வேறு, அவ்வளவுதான். அதனால்தான் இரு முனையிலிருந்தும் எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்வோம். ஒரு பக்கம் மட்டும் எடுத்து "சார் பாருங்க, மைனஸ்ல வருது, சூப்பர் ஸ்ப்ளைஸ்" என்று என்னிடமே காட்டியவர்கள் உண்டு.

எனவே 1,500 ரூபாய் ஓடிடிஆருக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தக் காசுக்குக் கையில் ஏதாவது வர வேண்டும். வேலை முடிந்த பிறகு ஓடுகிற எல்லா ஃபைபருக்கும் ட்ரேஸ் ஃபைல் (ஓடிடிஆர் கோட்டின் பதிவு), ஜாயின்ட் இடத்தின் ஜிபிஎஸ், கேபிள் உறையில் அச்சடித்திருக்கும் மீட்டர் எண் இரண்டு பக்கமும். இந்த மீட்டர் எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. ஓடிடிஆர் 4,180 மீட்டர் என்று சொன்னால் ரோட்டில் 4,180 மீட்டரில் போய் நிற்கக் கூடாது. அது கண்ணாடியின் நீளம். கேபிளுக்குள் ஃபைபர் முறுக்கிக் கிடக்கிறது, வழியெல்லாம் லூப் இருக்கிறது. ரோட்டுக் கணக்கில் அது 3,900ஆக இருக்கலாம். மீட்டர் எண் குறித்து வைத்தவன் நேராகப் போய் நிற்பான், மற்றவன் அந்த 280 மீட்டருக்கு டார்ச் அடித்து நடப்பான். நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

#15 திருப்பூர்_நெட்

நான் வேறு வழியில் போய்விட்டேன். எண்ணூறு கனெக்‌ஷன் ஆனதும் சொந்தமாகச் சீன மெஷின் ஒன்று வாங்கினேன், ஆறு மோட்டார், கிளீவரோடு ஒரு லட்சத்துக்குள். ட்ராப் கட், பிக்டெய்ல், ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் எல்லாம் என் பையனே பார்க்கிறான். முன்பு ட்ராப்பின் ஒரு முனைக்கு வெளி ஆள் 150 வாங்குவார், ஒரு வீட்டுக்கு இரண்டு முனை என்றால் முந்நூறு, அதற்கும் நாளைக்கு வருகிறேன் என்பார். இப்போது அந்தத் தலைவலி இல்லை. மெயின் கேபிள் கட் ஆனால் மட்டும் வெளியாள்.

#16 ஆர்க்_திண்டுக்கல்

நல்ல முடிவுதான், ஆனால் இரண்டு விஷயம். தினமும் காலையில் ஆர்க் கேலிப்ரேஷன் (மின்பொறியை அன்றைய காற்றுக்கும் குளிருக்கும் ஏற்பச் சரிசெய்வது) போடச் சொல்லுங்கள், உடுமலை காற்றும் கொடைக்கானல் குளிரும் மெஷினுக்கு ஒன்றல்ல. அடுத்தது, மாதம் நூறு ஸ்ப்ளைசுக்குக் கீழே அடிக்கிறவர் சொந்த மெஷின் வாங்கினால் பேட்டரி வீணாகிப் போவதுதான் மிச்சம், அப்படிப்பட்டவர் நாள் வாடகைக்கு எடுப்பது மேல். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் மொத்த ஆர்க் எண்ணிக்கையை மெனுவில் பாருங்கள், எலக்ட்ரோடு மாற்றியதும் பூஜ்யமாகும் எண்ணை அல்ல. விற்கிறவர்கள் அந்தச் சின்ன எண்ணைத்தான் காட்டுவார்கள்.

#17 கோபி_கேபிள்

எல்லோருக்கும் நன்றி. அந்த ஜேசிபிக்காரரிடம் இந்தப் பணத்தைக் கேட்க முடியுமா? குழாய் கான்ட்ராக்டர் "உங்க கேபிள் எங்க போகுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்" என்கிறார்.

#18 பழைய_டெலிகாம்

கேட்கலாம், ஆனால் முதலில் அவர் உன்னைத் திருப்பிக் கேட்பார்: அந்த ரோட்டில் கேபிள் போட உன்னிடம் அனுமதி இருக்கிறதா? ஊராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ வாங்கிய கடிதம் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. இருந்தால் உன் பக்கம் வலு உண்டு. தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. தோண்டுகிறவர் அதில் பதிந்தால் அந்த இடத்தில் கேபிள் உள்ளவர்களுக்குத் தகவல் போகும். அதற்கு உன் ரூட் அதில் பதிவாகியிருக்க வேண்டும், அதையும் பார்.

நடைமுறையில் நடப்பது வேறு. குழி மூடுவதற்குள் வண்டி எண், பக்கெட், கிழிந்த கேபிள் மூன்றும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுத்துக்கொண்டு, குழாய் கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியரிடம் அன்றைக்கே பேசினால் பாதிப் பணமாவது வரும். அவருக்கும் வேலை நிற்கக் கூடாது. ஒரு வாரம் ஆன பிறகு வருவது கடினம்.

#19 திருப்பூர்_நெட்

என் அனுபவமும் அதுதான். ஜேசிபிக்காரராவது ஊரில் இருப்பார், கரும்பு லாரி இழுத்துக்கொண்டு போனால் ஆளே கிடைக்க மாட்டார். ஆலை சீசனில் சத்தி ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் கேபிள் தொங்குவதைப் பார்த்தால் தெரியும். தோட்டத்தில் கரும்புச் சோகைக்குத் தீ வைத்து மேலே போகும் கேபிள் உருகினதும் உண்டு, அதில் ஐம்பது மீட்டருக்கு மேல் மாற்ற வேண்டி வந்தது. கம்ப வேலைக்கு ஏணி, ஆள், மின்வாரியத்தில் சொல்லி லைன் நிறுத்துவது என்று ரேட் தனி. தரைக் கேபிள் ரேட்டை வைத்து அதைப் பேச முடியாது.

#20 கோபி_கேபிள்

அந்தக் கான்ட்ராக்டரிடமே நேற்றுப் பேசினேன். மனுஷன் நல்லவர், கோபிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு ரேட் தாள் போட்டுக்கொள்ளலாம் என்றார். எழுதியது இது: கிளம்பினால் பகல் 2,000, இரவு எட்டு மணிக்கு மேல் 3,000, ஃபால்ட் தேடல் அதிலேயே அடக்கம். ஸ்ப்ளைஸ் 12 வரை 110, அதற்கு மேல் 90, இரவு பகல் ஒரே ரேட். ஓடுகிற ஃபைபர் முதலில். பாக்ஸும் கேபிளும் என் கையிருப்பிலிருந்து. ட்ரேஸ் ஃபைலும் மீட்டர் எண்ணும் வாட்ஸப்பில் வந்த பிறகு ஏழு நாளில் பணம். ஒரு மாதத்துக்குள் அதே ஜாயின்டில் பிரச்சனை வந்தால் இலவசம், வேறு யாரும் பாக்ஸைத் திறக்காமல் இருந்தால். அப்புறம் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: சைட்டில் வேலை தொடங்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு 400.

#21 நாலு_டியூப்

கடைசி வரியை எடுக்கச் சொல்லுங்கள். குழிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு இருப்பதற்கு மணிக்கு 400ஆ?

#22 சப்புக்கு_சப்

எடுக்காதீர்கள். தோண்டுகிற ஆளைக் கொண்டுவருவது உங்கள் வேலை என்றால், அவன் வரும் வரை இரண்டு பேரும் மெஷினும் வண்டியும் அங்கேதான் நிற்கிறோம், அந்த நேரத்தில் பக்கத்து ஊர்க் கால் வேறு ஆளுக்குப் போகிறது. எனக்கு அந்த வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் போன வருஷம் எலக்ட்ரோடு செலவே வந்திருக்கும்.

#23 நாலு_டியூப்

அப்படியானால் அவர் தாமதமாக வந்தால் மணிக்கு 400 குறைப்பாரா? அதையும் எழுதச் சொல்லுங்கள்.

#24 ஆர்க்_திண்டுக்கல்

எழுதலாம், நான் எழுதித் தந்திருக்கிறேன். போன் வந்து இரண்டரை மணி நேரத்தில் சைட்டில் இல்லை என்றால் கிளம்பும் கட்டணத்தில் பாதி. ஒரே நிபந்தனை, கூப்பிடும்போது எந்த ஊர், தரையா கம்பமா, எத்தனை ஃபைபர் என்று மூன்றையும் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணே கட் ஆயிடுச்சு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறவர்களுக்கு அது கிடையாது.

#25 கோபி_கேபிள்

சரி அண்ணே, இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். இரண்டரை மணியை மூன்றாக்கச் சொல்கிறார், ஆலை சீசனில் சத்தி ரோடு அப்படி என்று. ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.